மார்ச் 4, ஜாவேத் அபிதி நினைவு நாள்: விழா மண்டபம் மாடியில் இருக்கிறது, என்ன செய்யலாம்?

மூன்றுசக்கரம் | பிப்ரவரி 9, இரவு 9.10

வணக்கம் நண்பர்களே. மார்ச் 4, ஊனமுற்றோர் உரிமைக்காகப் போராடிய ஜாவேத் அபிதி மறைந்த நாள். 2018இல் நம்மை விட்டுப் போனார். இந்த ஆண்டு எங்கள் ஊர்ச் சங்கம் அவருக்கு நினைவு விழா எடுக்கிறது. மூன்று வருடமாக நான் கேட்டுக்கொண்டிருந்தது இது. முடிவானதும் கண் கலங்கிவிட்டது.

நேற்று ஆலோசனைக் கூட்டத்தில் நிகழ்ச்சி நிரலை வாசித்தார்கள். வரவேற்புரை, பொன்னாடை, ஐந்து பேருக்கு மூன்று சக்கர வண்டி வழங்குதல், சிறப்புரை, மதிய உணவு. மண்டபம் முதல் மாடியில் இருக்கிறது. இருபத்திரண்டு படிகள். லிஃப்ட் கிடையாது. எப்படி ஏறுவது என்று கேட்டேன். "நான்கு பையன்களை நிறுத்தியிருக்கிறோம். பூப்போலத் தூக்கிக்கொண்டு போய் உட்கார வைத்துவிடுவார்கள்" என்றார் நண்பர். தங்கமான மனிதர், இருபது வருடப் பழக்கம். அதனால் அங்கே வாதாட மனம் வரவில்லை.

வாழ்நாளெல்லாம் என்னைப் பலர் தூக்கியிருக்கிறார்கள். பள்ளியில் வாத்தியார், பஸ்ஸில் கண்டக்டர், கல்யாண வீடுகளில் பெயர் தெரியாத யாரோ. ஒருவர்கூடக் கெட்ட எண்ணத்தோடு தூக்கவில்லை. ஆனாலும் தூக்கும்போது சட்டை மேலேறி வயிறு தெரியும். தூக்குகிறவர் மூச்சு வாங்குவது காதோரம் கேட்கும். "கொஞ்சம் கனம்தான்" என்று ஒருவர் சொல்வார். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள், நாமும் சிரித்துவைப்போம். படித் திருப்பத்தில், காலில் மாட்டியிருக்கும் காலிப்பரின் இரும்பு சுவரில் மோதி ணங்கென்று கேட்கும். மேலே போன பிறகு, கழிப்பறைக்காக இன்னொரு முறை யாரையும் கூப்பிடக் கூடாதே என்று தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருப்போம். நாற்பத்தேழு வயதாகிறது, இன்னும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

யாரும் யாரையும் தூக்க வேண்டியிராத நாட்டுக்காகப் போராடிய மனிதர் அவர். அவர் நினைவு நாளுக்கே நாங்கள் தூக்கப்பட்டுப் போய்ச் சேருவதா? போகாமலிருப்பதா, போய்ப் பேசுவதா, விழாவையே மாற்றச் சொல்வதா? உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.


எழுத்தாணி | பிப்ரவரி 9, இரவு 10.02

ஐயா, உங்கள் வருத்தம் நியாயமானது. ஆனால் ஒன்றைக் கேட்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஜாவேத் அபிதி யார் என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் பக்கத்தில் பத்துப் பேரிடம் கேட்டால் ஒன்பது பேருக்குத் தெரியாது. டெல்லிக்காரரை நம் ஊரில் கொண்டாடுவதைவிட நம் மண்ணின் மனிதரைக் கொண்டாடலாமே? தென்காசி பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை உருவாக்கிய ராமகிருஷ்ணன் இருக்கிறார். 1975இல் கடற்படை அதிகாரிகள் தேர்வில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். 1981இல் ஐந்து குழந்தைகளோடு பள்ளி தொடங்கினார். தமக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரைத்தான் சங்கத்துக்கு வைத்தார். 2020இல் பத்மஸ்ரீ வந்தது. என் அக்காள் மகன் அங்கேதான் நடக்கப் பழகினான்.


மூன்றுசக்கரம் | பிப்ரவரி 10, காலை 6.25

எழுத்தாணி, ஆய்க்குடியை நினைத்துக் கையெடுத்துக் கும்பிடுகிறவர்களில் நானும் ஒருவன். அங்கே செய்து கொடுத்த காலிப்பரில் நான் ஆறு வருடம் நடந்தேன். ஒருவருக்கு எதிராக இன்னொருவரை நிறுத்த வேண்டாம். நடக்கப் பழக்குவது ஒரு வேலை. நடக்க முடியாதவனும் உள்ளே வரும்படி கட்டடத்தையும் சட்டத்தையும் மாற்ற வைப்பது இன்னொரு வேலை. அபிதி இரண்டாவதைச் செய்தார். அவர் வேலை கோப்புகளுக்குள்ளும் தீர்ப்புகளுக்குள்ளும் போய்விட்டதால் பெயர் வெளியே தெரியவில்லை. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அலிகாரில் 1965இல் பிறந்தார். முதுகுத்தண்டு முழுதாக மூடாமல் பிறக்கும் ஸ்பைனா பைஃபிடா. ஏழெட்டு வயது வரை மருத்துவர்கள் கண்டுபிடிக்கவில்லை. பதினைந்து வயதிலிருந்து சக்கர நாற்காலி. அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் ரைட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் இதழியல் படித்தார். அந்த வளாகத்தின் கட்டடங்களைப் பூமிக்கடியில் சுரங்கப்பாதைகள் இணைக்கின்றன. பனி கொட்டினாலும் சக்கர நாற்காலியில் ஒரு வகுப்பிலிருந்து இன்னொரு வகுப்புக்கு யார் உதவியும் இல்லாமல் போகலாம். அப்படிப்பட்ட இடத்தில் படித்தவர், 1989இல் பத்திரிகையாளராக வேண்டும் என்று டெல்லிக்குத் திரும்பினார். படிகள் நிறைந்த டெல்லிக்கு. எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது இந்தத் திரும்பி வருதல்தான்.

1993இல் ராஜீவ் காந்தி அறக்கட்டளையின் ஊனமுற்றோர் பிரிவைக் கவனிக்க அழைத்தார்கள். அங்கிருந்துகொண்டு பார்த்தபோது, எவ்வளவு உதவி வழங்கினாலும் சட்டம் இல்லாமல் எதுவும் நிலைக்காது என்று அவருக்குப் பட்டிருக்கிறது. ஊனமுற்றோர் உரிமைக் குழு என்ற ஒன்றைத் திரட்டினார். 1995 டிசம்பரில் சக்கர நாற்காலிகளும் ஊன்றுகோல்களும் வெள்ளைக்கோல்களும் நாடாளுமன்றத்தை நோக்கிப் போயின. அந்தக் குளிர்காலக் கூட்டத்தொடரிலேயே ஊனமுற்றோருக்கான சட்டம் நிறைவேறியது. 1996 பிப்ரவரி 7 முதல் நடைமுறைக்கு வந்தது.

அந்தச் சட்டத்தின் 33ஆம் பிரிவு அரசு வேலையில் 3 சதவீத ஒதுக்கீடு தந்தது. பார்வைக் குறைபாட்டுக்கு ஒன்று, செவிக் குறைபாட்டுக்கு ஒன்று, எங்களைப் போன்ற கை கால் குறைபாட்டுக்கு ஒன்று. 2003இல் நான் இளநிலை உதவியாளராக வேலையில் சேர்ந்தது அந்த மூன்றாவது ஒன்றில். நியமன ஆணையை அம்மா சாமிப் படத்தின் முன்னால் வைத்துவிட்டு, "யார் பெற்ற பிள்ளையோ உனக்காகப் போராடியிருக்கிறான்" என்றார். அந்தப் பிள்ளையின் பெயரே பல வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.


விரல்நுனி | பிப்ரவரி 10, மாலை 5.40

திரையில் உள்ளதைப் படித்துக் காட்டும் திரைவாசிப்பான் உதவியோடு எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை, ஆசிரியராக இருக்கிறேன்.

மூன்றுசக்கரம் அண்ணா, நீங்கள் வேலையைச் சொன்னீர்கள். நான் வாக்கைச் சொல்கிறேன். முதல் இரண்டு தேர்தல்களில் என் வாக்கைப் போட்டது என் மாமா. பார்வையற்றவர் ஒரு துணையை அழைத்துச் செல்லலாம் என்று விதி இருக்கிறது. மாமா என் காதருகே குனிந்து, "யாருக்கும்மா?" என்றார். சொன்னேன். பொத்தான் அழுத்தப்பட்டது, பீப் ஒலி கேட்டது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மனம் அரித்தது. மாமா நல்லவர், நான் சொன்னதைத்தான் அழுத்தியிருப்பார். ஆனால் நான் யாருக்குப் போட்டேன் என்பது இனி அவருக்கும் தெரியும், அத்தைக்கும் தெரியும். ஊரில் எல்லோருக்கும் வாய்த்த ரகசியம் எனக்கு மட்டும் இல்லை.

2004 மக்களவைத் தேர்தலின்போது அபிதியின் அமைப்பு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. வாக்குச்சாவடிகளில் சாய்தளம், இயந்திரத்தில் பிரெய்ல் எண்கள் என்று அந்த வழக்கின் வழியே ஒவ்வொன்றாக வந்தன. பிரெய்ல் எண் உள்ள இயந்திரத்தில் நான் முதன்முறை வாக்களித்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. முதலில் பிரெய்லில் அச்சிட்ட மாதிரி வாக்குச்சீட்டைக் கொடுத்தார்கள். மேசையில் வைத்து வேட்பாளர் பெயர்களை மேலிருந்து கீழே படித்தேன். எனக்கு வேண்டியவரின் எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு தடுப்புக்குப் பின்னால் போனேன். நீலப் பொத்தானுக்குப் பக்கத்தில் சின்னச் சின்னப் புள்ளிகள். ஆள்காட்டி விரலால் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு இறங்கினேன். வெளியே வரிசையில் முணுமுணுப்பு கேட்டது, தாமதமாகிறது என்று. நான் அவசரப்படவில்லை. இன்னொரு முறை மேலிருந்து தடவிப் பார்த்துவிட்டுத்தான் அழுத்தினேன்.

அன்று மாலை மாமா, "யாருக்கும்மா போட்டாய்?" என்று கேட்டார். "சொல்ல மாட்டேன் மாமா" என்றேன். அவருக்கும் சந்தோஷம்தான்.


கைகொடுப்போம் | பிப்ரவரி 10, இரவு 8.55

நான் வேறொரு மாவட்டத்தில் இதே போன்ற சங்கத்தில் பொருளாளராக இருக்கிறேன். விழா நடத்துபவர்கள் பக்கமும் கொஞ்சம் பேச அனுமதியுங்கள். இந்தத் தொகைக்குள் கிடைக்கிற மண்டபம் எது என்று தேடி அலைந்தவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். தரைத்தள மண்டபம் என்றால் வாடகை இரண்டு மடங்கு. அப்படியே கிடைத்தாலும் மேடைக்கு நான்கு படி இருக்கும்.

வண்டி வழங்குவதையும் கேவலமாகப் பேசிவிட வேண்டாம். சென்ற ஆண்டு எங்கள் விழாவில் வண்டி வாங்கிய பெண் ஒருவர், அதுவரை தையல் கடைக்குத் தினமும் அப்பாவின் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து போய்க்கொண்டிருந்தார். அப்பாவுக்கு அறுபத்தெட்டு வயது. கொள்கை, சட்டம், தீர்ப்பு எல்லாம் வரட்டும். அதுவரை அவர் எப்படிக் கடைக்குப் போவார்?


மூன்றுசக்கரம் | பிப்ரவரி 10, இரவு 9.30

கைகொடுப்போம், உங்கள் கடைசிக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அந்த வண்டி அவருக்கு வேண்டும். நாளைக்கே வேண்டும். என் பெயரே மூன்றுசக்கரம்தான், அதன் அருமை எனக்குத் தெரியாததா? நான் எழுதிய விதம் அவசரமாக இருந்தது, ஒப்புக்கொள்கிறேன்.

மறுக்கிறது ஒன்றைத்தான். வண்டி வாங்குகிறவரை மேடையில் வரிசையாக உட்கார வைத்து, சாவியைக் கையில் கொடுத்துக்கொண்டே கேமராவைப் பார்ப்பதை. எனக்கும் ஒருமுறை அப்படிக் கொடுத்தார்கள், பதினான்கு வயதில். படம் சரியாக விழவில்லை என்று சாவியைத் திரும்ப வாங்கி மறுபடியும் கொடுத்தார்கள். வண்டியை முந்தின நாளே வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடலாமே. அபிதி வாழ்நாளெல்லாம் சொன்னது, பிச்சையாகத் தராதீர்கள், உரிமையாகத் தாருங்கள் என்பதுதானே.


வழக்குக்கட்டு | பிப்ரவரி 11, காலை 11.20

வழக்கறிஞராக இருக்கிறேன். அபிதி பெயரிலேயே ஒரு முக்கியமான தீர்ப்பு இருக்கிறது, 1998 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் வழங்கியது. விமானப் பயணம் பற்றியது. பணக்காரர் விவகாரம் என்று ஒதுக்கிவிடக் கூடாது, அதன் அடிப்படையைப் பாருங்கள். அன்றைய இந்தியன் ஏர்லைன்ஸ் பார்வையற்றோருக்குப் பாதிக் கட்டணச் சலுகை தந்தது, கை கால் குறைபாடு உள்ளவர்களுக்குத் தரவில்லை. 80 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளவர்களுக்கும் அதே சலுகை தரவேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. படிக்கட்டில் ஆளைத் தூக்கிக்கொண்டு ஏறாமல் நாற்காலியோடு விமானத்துக்குள் ஏற்றும் அம்புலிஃப்ட், உள்ளே நடைபாதையில் நகரும் குறுகிய நாற்காலி, இவையும் அந்த வழக்கில் எழுந்தவைதான்.

ஆனால் 1995 சட்டத்துக்குள்ளேயே ஒரு முட்டுக்கட்டை இருந்தது. அரசு தன் பொருளாதாரத் திறனுக்கு உட்பட்டுச் செய்யும் என்று ஒரு தொடர். இந்தச் சில சொற்களைக் காட்டியே எத்தனையோ அலுவலகங்கள் படிகளை அப்படியே வைத்திருந்தன. 2016இல் வந்த புதிய சட்டம் அந்தக் கதவை அடைத்தது. ஏழு வகைக் குறைபாடுகள் இருபத்தொன்றாயின. வேலை ஒதுக்கீடு 3லிருந்து 4 சதவீதமானது, உயர்கல்வியில் 5. பொதுமக்கள் புழங்கும் பழைய கட்டடங்களையும் விதிகள் வெளியானதிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் அணுகக்கூடியவையாக மாற்றியாக வேண்டும் என்கிறது 45ஆம் பிரிவு. விதிகள் வெளியானது 2017 ஜூன் 15. கணக்குப் போட்டுப் பாருங்கள், கெடு 2022 ஜூனிலேயே முடிந்துவிட்டது.

அபிதியைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2014 தொடக்கத்தில் இந்தச் சட்டத்தின் முந்தைய வடிவம் மாநிலங்களவைக்கு வந்தபோது இயக்கமே இரண்டாகப் பிரிந்தது. குறை இருந்தாலும் முதலில் நிறைவேறட்டும், பிறகு திருத்தலாம் என்று நின்றார் அபிதி. குறையுள்ள சட்டத்தைத் தலையில் கட்டிக்கொண்டு இன்னும் இருபது வருடம் காத்திருக்க முடியாது என்று இன்னொரு பக்கம் பலர் நின்றார்கள். நான் அப்போது இரண்டாவது பக்கம். கடுமையாக எழுதினேன். இன்றும் சட்டத்தின் 3ஆம் பிரிவில், நியாயமான நோக்கத்துக்கு ஏற்ற அளவான வழி என்று காட்டிவிட்டால் பாகுபாடும் செல்லும் என்று ஓர் ஓட்டை இருக்கத்தான் செய்கிறது. ஆனால் என் கட்சிக்காரர்களுக்காக இந்தச் சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நீதிமன்றப் படி ஏறும் ஒவ்வொரு முறையும் அவரை நன்றியோடு நினைக்கிறேன்.


தாழ்தளம் | பிப்ரவரி 11, பிற்பகல் 3.05

சென்னைவாசி, சக்கர நாற்காலி. டெல்லிக்காரர், தமிழ்நாட்டுக்காரர் என்று மேலே பேச்சு வந்ததால் சொல்கிறேன். அவர் அங்கே செய்ததை இங்கே தொடர்ந்தவர்கள் இருக்கிறார்கள். தாழ்தளப் பேருந்துக்காக வைஷ்ணவி ஜெயக்குமார் உயர் நீதிமன்றத்தில் எத்தனை வருடம் வழக்கை விடாமல் நடத்தினார்! 2024 ஆகஸ்டில் அந்தப் பேருந்துகள் சென்னையில் ஓடத் தொடங்கின. முதல் வாரத்திலேயே ஏறினேன். பேருந்து நடைமேடையை ஒட்டி நின்று, ஒரு பக்கமாகக் காற்று இறங்குவது போலச் சாய்ந்தது. கண்டக்டர் இறங்கி வந்து தரையில் மடிந்திருந்த பலகையைப் புரட்டிப் போட்டார். நானே உருட்டிக்கொண்டு உள்ளே போனேன். நாற்காலியை நிறுத்த இடம், பெல்ட். டிக்கெட் எடுத்தேன். முப்பத்தொரு வயதில் சென்னை மாநகரப் பேருந்தில் நான் எடுத்த முதல் டிக்கெட் அது. பர்ஸில் வைத்திருக்கிறேன், எழுத்து மங்கிவிட்டது.

மெரினாவில் 2022 நவம்பரில் 263 மீட்டருக்கு மரப்பாதை போட்டார்கள். இரண்டே வாரத்தில் மாண்டஸ் புயல் முனையைப் பெயர்த்துப் போட்டது, சரிசெய்தார்கள். அலையில் கால் நனைத்தபோது என் அம்மா கரையில் உட்கார்ந்து அழுதார். அதற்கு மேல் எழுத முடியவில்லை.


சாயங்காலம் | பிப்ரவரி 11, இரவு 10.15

என் மகனுக்கு ஆட்டிசம். பன்னிரண்டு வயது. இழையை ஆரம்பத்திலிருந்து படித்தேன். படி, சாய்தளம், பேருந்து எல்லாம் சரி. என் மகன் எந்தப் படியிலும் ஓடி ஏறிவிடுவான். அவனுக்குத் தடையாக இருப்பது அவனைப் பார்க்கிற பார்வை. அதனால் எனக்கு அபிதி என்றால் 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்புதான்.

1991 கணக்கெடுப்பில் ஊனம் பற்றிய கேள்வியே இல்லை. 2001இலும் இருந்திருக்காது. எண்ணிக்கை இல்லாதவர்களுக்கு யார் பணம் ஒதுக்குவார்கள் என்று அபிதியும் அவரோடு இருந்தவர்களும் அலுவலகம் அலுவலகமாகப் போய்ப் போராடித்தான் கேள்வி சேர்ந்தது. 2 கோடியே 19 லட்சம் பேர் என்று வந்தது. 2011இல் 2 கோடியே 68 லட்சம். நாடு முழுக்கக் கூடியபோது தமிழ்நாட்டில் மட்டும் என்ன ஆனது தெரியுமா? 2001இல் 16 லட்சத்து 42 ஆயிரமாக இருந்தது 2011இல் 11 லட்சத்து 80 ஆயிரமாகக் குறைந்தது. நாலரை லட்சம் பேர் பத்தே வருடத்தில் குணமாகிவிட்டார்களா? கேள்வியின் வடிவம் மாறியது ஒரு பக்கம் இருக்கட்டும். கேட்க வந்தவர் கேட்காமல் விட்டதும் உண்டு, வீட்டில் இருப்பவர்கள் சொல்லாமல் மறைத்ததும் உண்டு. 2011இல் என் நாத்தனார் வீட்டில் மனவளர்ச்சி குன்றிய பெண் உள்ளறையில் இருந்தாள். வாசலில் கணக்கெடுக்க வந்த ஆசிரியையிடம், "அப்படி யாரும் இல்லைங்க" என்று சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். அவளுக்குக் கல்யாண வயதில் ஒரு தங்கை இருந்தாள். நானும் வாயைத் திறக்கவில்லை. அப்போது எனக்கு மகன் பிறந்திருக்கவில்லை.

2027 கணக்கெடுப்பு வருகிறது. மார்ச் 4 விழாவில் பேசுகிறவர்கள் தயவுசெய்து இதைச் சொல்லுங்கள். உள்ளறையில் இருப்பவர்களின் அம்மாக்களைப் பார்த்துச் சொல்லுங்கள்.


மூன்றுசக்கரம் | பிப்ரவரி 12, காலை 6.10

சாயங்காலம் அம்மா, நீங்கள் எழுதியதை இரவே படித்தேன். உடனே பதில் எழுத வரவில்லை. நாங்கள் கால் போனவர்கள் கூடினால் காலைப் பற்றியேதான் பேசுகிறோம். என் சங்கத்தில் நாற்பது உறுப்பினர், ஆட்டிசம் உள்ள பிள்ளையின் பெற்றோர் ஒருவர்கூட இல்லை. நாங்கள் கூப்பிட்டதும் இல்லை. இருபத்தொரு வகை என்று சட்டம் சொல்லி இத்தனை வருடம் ஆகியும் எங்கள் உறுப்பினர் படிவத்தில் இன்னும் நான்குதான் இருக்கின்றன. அதை இந்த வாரமே மாற்றச் சொல்கிறேன்.


ரசமட்டம் | பிப்ரவரி 12, மதியம் 1.30

கட்டட மேற்பார்வையாளர். என் உடம்பில் குறை ஏதும் இல்லை. ஆனால் நான் கட்டிய சாய்தளங்களில் பாதி தப்பானவை என்று இப்போது தெரிகிறது, அதனால் எழுதுகிறேன்.

கணக்கு மிகவும் எளிது. ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம். ஆறு அங்குலப் படி மூன்று இருந்தால் ஒன்றரை அடி உயரம், அதற்குச் சாய்தளம் பதினெட்டு அடி ஓட வேண்டும். நாங்கள் போடுவது ஐந்தடி, ஆறடி. ஏனென்றால் வாசலுக்கு முன்னால் அவ்வளவுதான் இடம் என்பார்கள், மோட்டார் சைக்கிள் ஏறினால் போதும் என்பார்கள். சக்கர நாற்காலியில் ஒருவர் அதில் தானாக ஏறவே முடியாது. இறங்கினால் தலைகுப்புற விழுவார். மேலே போனதும் கதவைத் திறக்க ஐந்தடிக்குச் சமதளம் வேண்டும், இல்லையென்றால் கதவு இழுக்கும்போது வண்டி பின்னால் உருளும். வழுவழுப்பான டைல்ஸ் ஒட்டினால் மழை பெய்த அன்று எல்லாம் போயிற்று. சொரசொரப்பான கல்லோ, கோடு கீறிய சிமெண்டோதான் சரி. கைப்பிடி இரண்டு பக்கமும், இரண்டு உயரத்தில்.

மூன்றுசக்கரம் ஐயா, உங்கள் ஊர் எனக்கு ஒன்றரை மணி நேரப் பயணம். டேப்பும் டியூப் லெவலும் கொண்டு வருகிறேன். மாலைக்கும் பேனருக்கும் ஆகிற செலவில் உங்கள் ஊரின் எல்லா அரசு அலுவலக வாசல்களையும் அளந்து ஒரு பட்டியல் போட்டுவிடலாம். வழக்குக்கட்டு ஐயா சொன்ன 45ஆம் பிரிவைத் தலைப்பில் எழுதி மனுவோடு இணைத்துவிடுங்கள்.


வழக்குக்கட்டு | பிப்ரவரி 12, பிற்பகல் 2.10

நல்ல யோசனை. கூடவே 2024 நவம்பர் 8 தீர்ப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ராஜீவ் ரதூரி என்ற பார்வைக் குறைபாடு உள்ளவர் 2005இல் போட்ட வழக்கு. அணுகல்தன்மை விதிகள் வெறும் பரிந்துரையாக இருப்பது சட்டத்துக்கே முரண், கட்டாய விதிகளாக வகுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பத்தொன்பது வருடம் நடந்திருக்கிறது. மனுவில் உயரம், நீளம், நாள், படம் எல்லாம் இருக்கட்டும். "சாய்தளம் சரியில்லை" என்று எழுதினால் "ஆவன செய்யப்படும்" என்று பதில் வரும். "உயரம் 18 அங்குலம், நீளம் 6 அடி" என்று எழுதினால் அதற்குப் பதில் எழுத அவர்களும் டேப்பை எடுத்தாக வேண்டும்.


விரிகுடா | பிப்ரவரி 13, காலை 7.45

சான் பிரான்சிஸ்கோ அருகே வசிக்கிறேன். இழையின் தலைப்பில் மார்ச் 4 என்று பார்த்ததும் திடுக்கிட்டேன். அமெரிக்காவில் ஊனமுற்றோர் உரிமைக்காகப் போராடிய ஜூடி ஹியூமன் மறைந்ததும் அதே மார்ச் 4தான், 2023இல். ஒன்றரை வயதில் போலியோ. சக்கர நாற்காலியில் வருகிற குழந்தையால் தீ விபத்தில் ஆபத்து என்று பள்ளியில் சேர்க்க மறுத்தார்கள். வளர்ந்து ஆசிரியர் உரிமம் கேட்டபோதும் மறுத்தார்கள், வழக்குப் போட்டு வென்றார். 1977 ஏப்ரலில் இங்கே கூட்டாட்சி அரசு அலுவலகக் கட்டடத்துக்குள் அவரோடு நூற்றுக்கு மேற்பட்ட ஊனமுற்றோர் புகுந்து உட்கார்ந்தார்கள், மூன்று வாரத்துக்கும் மேலாக. மாத்திரை இல்லை, மாற்றுத் துணி இல்லை, திரும்பிப் படுக்க வைக்க ஆளில்லை. கறுப்பின மக்களுக்காகப் போராடிய பிளாக் பாந்தர் கட்சியினர் சமைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஏப்ரல் 28 அன்று, அரசு நிதி பெறும் இடங்களில் ஊனமுற்றோரிடம் பாகுபாடு காட்டக் கூடாது என்ற விதிகளில் அமைச்சர் கையெழுத்துப் போட்டார். அந்தக் கட்டடத்தின் வழியே நான் பஸ்ஸில் போவேன். அந்தப் பஸ்ஸில் சக்கர நாற்காலிகள் ஏறி இறங்குவதை இங்கே யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.


மூன்றுசக்கரம் | பிப்ரவரி 13, இரவு 9.20

விரிகுடா, நீங்கள் சொன்னதும் எனக்கு இன்னொன்று நினைவுக்கு வந்தது. 2001 ஜனவரியில், சக்கர நாற்காலியில் வாழ்ந்த விஞ்ஞானி ஸ்டீஃபன் ஹாக்கிங் டெல்லி வந்தார். அவர் பார்ப்பதற்காக ஜந்தர் மந்தர், குதுப் மினார் போன்ற இடங்களில் அவசர அவசரமாக மரச் சாய்தளம் போட்டார்கள். அதன் பின்னால் இருந்தவரும் அபிதிதான். இத்தனை வருடம் முடியாது என்றது ஹாக்கிங்குக்காகச் சில நாளில் எப்படி முடிந்தது என்ற கேள்வியை அதற்குப் பிறகு யாரும் அடக்க முடியவில்லை.

இன்று மாலை நண்பர் வீட்டுக்குப் போனேன், அந்த "பூப்போல" சொன்னவர். இந்த இழையை அச்செடுத்துக் கொண்டுபோயிருந்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். விரல்நுனி தங்கை எழுதியதை இரண்டு முறை படித்தார். பிறகு, "ஏன்ப்பா, என்னிடமே சொல்லியிருக்கலாமே" என்றார். அவ்வளவுதான்.


மூன்றுசக்கரம் | பிப்ரவரி 22, இரவு 10.40

தாமதத்துக்கு மன்னிக்கவும். விவரம் இதோ.

மண்டபத்தை விட்டுவிட்டோம், முன்பணத்தில் பாதி போயிற்று. விழா பள்ளி மைதானத்தில், பந்தல் போட்டு, மேடை இல்லாமல். பேசுகிறவரும் கேட்கிறவரும் ஒரே தரையில். சைகைமொழி பெயர்ப்பாளர் வருகிறார். ஐந்து வண்டிகளில் மூன்று இப்போதே வீடுகளுக்குப் போய்விட்டன. கைகொடுப்போம், நீங்கள் கேட்ட கேள்விக்கு இதுதான் என்னால் ஆனது.

நேற்று சனிக்கிழமை ரசமட்டம் காலை ஆறு மணி பஸ்ஸில் வந்து இறங்கினார். ஒன்பது அலுவலகம், இரண்டு வங்கி, ஒரு நூலகம், பஸ் நிலையக் கழிப்பறை. பதின்மூன்று வாசல். ஏழில் சாய்தளமே இல்லை. ஐந்தில் இருக்கிறது, ஏற முடியாது. அதில் ஒன்றின் நடுவில் பூந்தொட்டி வைத்திருந்தார்கள், இன்னொன்றில் ஜெனரேட்டர். சரியாக இருந்தது ஒன்றே ஒன்று, நூலகம். ஓரடிக்குப் பன்னிரண்டடி, கோடு கீறிய சிமெண்ட், இரண்டு பக்கமும் கைப்பிடி. யார் கட்டியது என்று நூலகரிடம் கேட்டோம். அவருக்குத் தெரியவில்லை. ரசமட்டம் கைப்பிடியைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மேலே போய் இறங்கி, மறுபடியும் மேலே போனேன். தேவை ஒன்றும் இல்லை, சும்மாதான்.

டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு பதின்மூன்று வாசலுக்கும் வந்தவர் நண்பர்தான். வெயிலில் குனிந்து நிமிர்ந்து அவருக்கு இடுப்பு பிடித்துவிட்டது. நாளை திங்கள், மக்கள் குறைதீர்க்கும் நாள். பட்டியலையும் படங்களையும் கொண்டுபோகிறோம். சாயங்காலம் அம்மாவும் மகனோடு வருகிறேன் என்று செய்தி அனுப்பியிருக்கிறார். மனு கொடுக்கும் கூடம் தரைத்தளத்தில்தான் இருக்கிறது, வாசலில் இரண்டு படி. அந்த வாசலைப் பட்டியலில் பதினான்காவதாகச் சேர்க்க இடம் விட்டிருக்கிறேன். டேப் என் பையில் இருக்கிறது.